மால்யூத்காவின் மூக்கில் ஈயம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்கள் படத்துடன் எழுதியிருந்த 'மால்யூத்கா' மாதிரி விமானத்தைப் பார்த்தேன். மிச்சம் மீதிப் பாகங்களைக் கொண்டே செய்ததாகச் சொல்லியிருந்தீர்கள். நானும் பத்தாண்டுகளாக பிளாஸ்டிக் மாதிரிகள் ஒட்டுகிறவன். இப்போது யாக்-3 என்ற சோவியத் போர் விமானத்தின் மாதிரி ஒன்று மேசையில் இருக்கிறது. எனக்கு ஓர் உறுத்தல். பறந்த விமானங்கள் எத்தனையோ இருக்க, யாரும் கண்ணால் காணாத ஒன்றைச் செய்வது வெறும் கற்பனை ஆகாதா? சரியா தவறா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதில் சோவியத் அடையாளமான சிவப்பு நட்சத்திரமும் எண்ணும் ஏன் இல்லை? பெர்லின் மீது பறந்ததுபோல் அடையாளமிட்டிருந்தால் அழகாக இருந்திருக்குமே.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கற்பனை என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். மால்யூத்கா என்றால் ரஷ்ய மொழியில் 'சின்னஞ்சிறுசு'. சோவியத் விமான வடிவமைப்பாளர் நிகோலாய் பொலிகார்ப்போவின் அலுவலகத்தில் 1943-44இல் உருவான ராக்கெட் போர் விமானம் அது. நீளம் 7.3 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 7.5 மீட்டர், இரண்டு 23 மில்லிமீட்டர் பீரங்கிகள் என்று கணக்கெல்லாம் போட்டு, முதல் விமானத்தின் வேலையையும் தொடங்கிவிட்டார்கள். 1944 ஜூலை 30 அன்று பொலிகார்ப்போவ் புற்றுநோயால் இறந்தார். அலுவலகம் கலைக்கப்பட்டது, விமானமும் பாதியில் நின்றது. மனிதர் இல்லாமல் போனதால் நின்றுபோன வேலைக்கும், ஒருவன் உட்கார்ந்து இட்டுக்கட்டியதற்கும் வித்தியாசம் உண்டு.

எதை வைத்துச் சரிபார்ப்பது என்று கேட்டீர்கள். என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். 1/72 அளவில், அதாவது அசலை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், உடல் 101 மில்லிமீட்டர், இறக்கை முனைக்கு முனை 104. உடலுக்கு, 1/48 அளவு ஜெட் விமானப் பெட்டியில் மிஞ்சிய வெளி எரிபொருள் தொட்டி கிடைத்தது. இறக்கை, உடைந்துபோன ஒரு யாக்-3இலிருந்து வந்தது. அசல் யாக்-3இன் இறக்கை முனைக்கு முனை 9.2 மீட்டர், அதாவது நம் அளவில் 128 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். முதலில் முனையை வெட்டினேன்; துடுப்புப்போல அகலமாக, கனமாக நின்றது. இன்னொரு ஜோடியைத் தேடியெடுத்து, அடிப்பக்கத்தை வெட்டிப் பார்த்தேன். ஒடுங்கிய வெளிப்பகுதி மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் மால்யூத்கா முகம் காட்டியது.

பிறகு மூக்குச் சக்கரத்தை வைத்து நிறுத்தினேன். வால் மேல் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. மூக்குச் சக்கர மாதிரிகள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு, உங்களுக்கே தெரியும். மூக்கில் ஈயம் திணித்தால் தீர்ந்துவிடும். இதில் திணிக்க இடமில்லை. விமானியின் அறையே மூக்கில்தான் இருக்கிறது. தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, விமானியின் இருக்கைக்கு அடியில் மூன்று அடுக்காக ஒட்டிய பிறகே நின்றது.

ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. வரைபடத்தில் விமானி ஏன் இவ்வளவு முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ராக்கெட் எஞ்சின் வாலில் இருக்கிறது. மண்ணெண்ணெயும் நைட்ரிக் அமிலமுமாக, கிளம்பும்போது எடையில் பாதிக்கும் மேல் திரவம். அது சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். அந்தத் தொட்டிகளை எடைமையத்தை ஒட்டி, இறக்கைக்கு நடுவே வைக்காவிட்டால், எரிய எரிய விமானம் முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். நடு இடம் முழுவதையும் தொட்டி பிடித்துக்கொண்டால் விமானிக்கு எங்கே இடம்? மூக்கில்தான். நான் இருக்கைக்கு அடியில் ஈயம் வைத்த இடத்தில், பொலிகார்ப்போவ் ஒரு மனிதரையே வைத்திருக்கிறார். பெட்டியில் வரும் யாக்-3ஐ ஒட்டும்போது இப்படி ஒரு கேள்வி எழாது, குறிப்புத்தாள் பதிலை முன்பே சொல்லிவிடுகிறது.

நட்சத்திர விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. மால்யூத்காவுக்கு முன்பே பி.ஐ. என்ற ராக்கெட் விமானம் சோவியத் நாட்டில் பறந்தது. 1942 மே 15 அன்று உரால் பகுதியின் கோல்த்சோவோ தளத்திலிருந்து அதை முதன்முதலில் மேலே எடுத்துச் சென்றவர் கிரிகோரி பக்சிவான்ஜி. 1943 மார்ச் 27 அன்று வேகச் சோதனையின்போது விமானம் தலைகுப்புறப் பாய்ந்து விழுந்தது, அவர் இறந்தார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நேர் இறக்கை விமானத்தின் மூக்கு தானாகக் கீழே அழுந்தும் என்பது பின்னால்தான் தெளிவானது. மால்யூத்காவுக்கும் நேர் இறக்கைதான். எதிர்பார்த்த வேகம் மணிக்கு 890 கிலோமீட்டர் அளவில். அதில் முதலில் ஏறியிருக்கக்கூடியவருக்கு என்ன காத்திருந்தது என்பதை நினைத்தால், பெர்லின் மீது வென்றதாக வண்ணம் பூச எனக்குக் கை வரவில்லை.

பொலிகார்ப்போவின் கதையிலும் இட்டுக்கட்டிய வெற்றிக்கு இடமில்லை. 1929இல் கைதாகி, சிறையில் இருந்தபடியே ஐ-5 விமானத்தை வடிவமைத்தவர். பிறகு ஐ-16 போர் விமானத்தைக் கொடுத்தவர். 1939இல் அவர் ஜெர்மனி சென்றிருந்த நேரத்தில் அவருடைய ஐ-200 திட்டத்தையும் ஆட்களையும் பிரித்து மிகோயான், குரேவிச் என்ற இரு வடிவமைப்பாளர்களிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் மிக்-1 ஆயிற்று. இன்று மிக் என்றால் உலகமே அறியும். பொலிகார்ப்போவின் பெயர் தங்கியிருப்பது போ-2 என்ற எளிய இரட்டை இறக்கை விமானத்தில், அந்தப் பெயரும் அவர் இறந்த பிறகே வைக்கப்பட்டது.

ஆகவே என் மால்யூத்கா சாம்பல் நிற பிரைமரோடு, எண் இல்லாமல், தொழிற்கூடத்தில் நிற்பதுபோல் நிற்கும். யாக்-3 பெட்டியின் நட்சத்திர டிகால் (ஒட்டுப்படம்) தாள் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. உங்கள் விமானத்துக்குப் பொருந்தும். முகவரி எழுதினால் தபாலில் அனுப்புகிறேன்.