சிலேன் ப்ராஜெக்ட் எடுத்த பெண்ணுக்கு வேலை இருக்குமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெண் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், ப்ராஜெக்டுக்கு 'சிலேன் கொண்டு பாலிஎத்திலீனை மாற்றியமைத்தல்' என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள், கேட்டதும் உங்களுக்குப் பகீரென்று ஆகிவிட்டது. இவ்வளவு குறுகலான ஒன்றைப் படித்துவிட்டு எங்கே போய் நிற்பாள், பேசாமல் கணினிப் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். திருப்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் சில வருடங்கள், கேபிள் உறைக்கான பிளாஸ்டிக் கலவை தயாரிக்கும் இடத்தில் ஆய்வகத்தில் இருந்தவன் நான், அதனால் இது காதால் கேட்டுச் சொல்வதில்லை.

முதலில் அந்தத் தலைப்பு என்னவென்று பார்த்துவிடுவோம். சிலேன் என்பது சிலிக்கான் அணு உள்ள ஒரு வகை வேதிச் சேர்மம். பாலிஎத்திலீன் என்பது நீள நீளமான கார்பன் சங்கிலிகள், ஒன்றோடொன்று கட்டப்படாமல் பின்னிக் கிடப்பவை. சூடு ஏறினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மிருதுவான ரகம் 110 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாலே உருகிவிடும். மின்கம்பிக்கு உறையாகப் போட்டால், கம்பி சூடாகும்போது உறை இளகும். அதற்கு வழி, சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுவது. வினைல்ட்ரைமெத்தாக்சிசிலேன் என்ற திரவம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதோடு துளி பெராக்சைடு, இரண்டையும் சேர்த்து எக்ஸ்ட்ரூடர் என்ற, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தில் பிசைந்தால், செடியில் ஒட்டுக்கட்டுவது மாதிரி சிலேன் போய்ச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். தொழிலில் கிராஃப்டிங் என்பார்கள். அப்புறம் கேபிளாக இழுத்து முடித்து வெந்நீரிலோ நீராவியிலோ வைத்தால், தண்ணீர் பட்ட சிலேன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்று பாலமாகிவிடும். இதை வேகப்படுத்த ஒரு வினையூக்கியும் போடுவார்கள், பெரும்பாலும் வெள்ளீயச் சேர்மம். இப்படிச் செய்த உறையோடு கம்பி 90 டிகிரியில் வருடக்கணக்கில் ஓடலாம். 1960களின் கடைசியில் வந்த முறை, இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது.

பாலம் விழுந்ததா இல்லையா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, ஹாட் செட் என்று பெயர். கேபிள் உறையிலிருந்து டம்பெல் வடிவில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, கீழே எடை கட்டி, 200 டிகிரி அடுப்புக்குள் தொங்கவிடுவோம். எடை, சதுர சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் வரும்படி இருக்க வேண்டும். பாலம் போதவில்லை என்றால் துண்டு மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டு, கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே அறுந்து விழும். நன்றாக விழுந்திருந்தால் 15 நிமிடம் தொங்கிக்கொண்டே இருக்கும். நீட்சி 175 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எடையை எடுத்துவிட்டு ஆறவைத்தால் 15 சதவீதத்துக்குள் சுருங்கித் திரும்ப வேண்டும். கண்ணாடி வழியாக அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் எனக்கு எத்தனையோ. அந்தத் துண்டு அறுந்து விழுந்தால் ஒரு நாள் உற்பத்தி முழுக்கக் கேள்விக்குறி.

ஒரு மழை நாளில் இன்னொன்று பார்த்தேன். கிராஃப்ட் செய்த குருணைப் பையின் வாயை யாரோ சரியாகக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள், காற்றின் ஈரம் உள்ளே போய் பாலம் போடும் வேலை பைக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. மறுநாள் எக்ஸ்ட்ரூடரில் போட்டால் உறை முழுக்க மணல் தூவியது போலச் சின்னச் சின்னக் கட்டிகள். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தோம், வெப்பநிலையை மாற்றிப் பார்த்தோம், இரண்டு நாள் போனது. கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான், இது தண்ணீரின் வேலை, பையைப் பாருங்கள் என்றாள். சிலேன் வேதியியல் கையில் பழகியவளுக்குத்தான் அது உடனே தோன்றும். உங்கள் பெண் இந்த ப்ராஜெக்டில் கற்கப்போவதும் இதைத்தான்: தண்ணீர் எப்போது வேண்டும், எப்போது வரவே கூடாது என்று.

இப்போது உங்கள் 'குறுகல்' பயத்துக்கு வருகிறேன். சிலேனுக்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பிளாஸ்டிக்கையோ ரப்பரையோ பிடிக்கும், இன்னொன்று கண்ணாடி, மணல் வகைக் கனிமங்களைப் பிடிக்கும். டயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் கரிக்குப் பதில் சிலிக்கா என்ற மணல் வகைப் பொடி போட்டால் சக்கரம் உருள்வதில் வீணாகும் சக்தி குறையும், ஈரச் சாலையிலும் பிடிப்பு இருக்கும். ஆனால் சிலிக்காவும் ரப்பரும் ஒட்டாது, நடுவில் கந்தகம் உள்ள ஒரு சிலேன் நின்று இரண்டையும் கோக்கிறது. மிஷலின் நிறுவனம் 1992இல் 'பசுமை டயர்' என்று கொண்டுவந்தது இந்த வழியில்தான். கட்டட இடுக்குகளை அடைக்கும் பசைகளில் பாலிஈதர் என்ற வேறொரு வகைச் சங்கிலியின் நுனியில் சிலேன் வைத்தவை உண்டு, காற்றின் ஈரத்திலேயே இறுகும். கண்ணாடி இழை போட்ட பிளாஸ்டிக், பெயின்ட், எல்லாவற்றிலும் இதே கைவரிசை. 1999இல் வந்த சிலிக்கோன் (சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி) ஹைட்ரோஜெல் கான்டாக்ட் லென்ஸ் கண்ணுக்கு ஆக்சிஜனைக் கூடுதலாக விடுவதற்கும் சிலிக்கான்தான் காரணம். ஆக, பெயர்தான் சின்னது.

எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். 'சிலிக்கோன்' என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்த ஆங்கிலேய வேதியியலாளர் ஃபிரெடரிக் கிப்பிங், வாழ்நாள் முழுக்க இந்தச் சேர்மங்களோடேயே இருந்தவர், 1937இல் வெளியான ஒரு சொற்பொழிவில் இந்தத் துறையில் சீக்கிரம் பெரிய முன்னேற்றம் வரும் நம்பிக்கை தனக்கு இல்லை என்றார். மூன்றே வருடம், 1940இல் அமெரிக்க வேதியியலாளர் யூஜின் ரோக்கோ சிலிக்கானிலிருந்து நேரடியாக இவற்றின் மூலப்பொருளைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார், பெரிய தொழிலே பிறந்தது. கிப்பிங்குக்கே தெரியவில்லை என்றால், பத்து வருடம் கழித்து எது ஓடும் என்று நீங்களும் நானும் கணக்குப் போட்டு அவள் மனதை மாற்றுவது சரியாக இருக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை விளம்பரத்தில் 'சிலேன் வேதியியலாளர் தேவை' என்று அநேகமாக வராது. கலவைத் தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, பாலிமர் ஆராய்ச்சி, வாடிக்கையாளருக்கான தொழில்நுட்ப உதவி என்ற பெயர்களில் வரும், அவற்றைத் தேடச் சொல்லுங்கள். முதல் வேலை தொழிற்சாலையில், ஷிஃப்டில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே இருக்கக்கூடும். முதல் வருடச் சம்பளம் கணினிக்குப் போன தோழியைவிடக் குறைவாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள், தயவுசெய்து. முனைவர் பட்டம் இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றிரண்டு வருடம் ஆலையில் இருந்துவிட்டுப் போனால் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று தெரிந்து போவாள். ஆராய்ச்சிதான் வேண்டும் என்று அவளே உறுதியாக இருந்தால் தடுக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டது நல்லது. அந்தச் சிலேன் தண்ணீரோடு வினைபுரியும்போது மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் வெளிவரும், பெராக்சைடு வெப்பத்தில் சிதையும், வெள்ளீய வினையூக்கி கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் தீங்கானது. புகைபோக்கிக் கூண்டு, கையுறை, கண்ணாடி, இந்த மூன்றும் இல்லாத ஆய்வகம் என்றால் தலைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. பல இடங்களில் சிலேனைச் சேர்ப்பார்கள், பொருளில் என்னென்ன பிணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலை வரைபடம் ஒன்று எடுப்பார்கள், புது உச்சி தெரிகிறது, வினை நடந்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள். பொருள் மேம்பட்டதா என்று யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். கொதிக்கும் சைலீன் என்ற கரைப்பானில் போட்டு, பாலம் விழுந்ததால் கரையாமல் நிற்கும் ஜெல் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்களா, இழுவிசைச் சோதனைக்கு இயந்திரம் இருக்கிறதா, ஹாட் செட் அங்கேயே செய்ய முடியுமா, வெளியே அனுப்ப வேண்டுமா, சின்னதாகவாவது ஒரு எக்ஸ்ட்ரூடரை அவள் கையால் ஓட்ட விடுவார்களா என்று வழிகாட்டியிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தயங்குவாள், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்கச் சொன்னால் கேட்பாள். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி அனுப்புங்கள் அம்மா, அதைப் பார்த்துவிட்டு எந்தெந்த வேலைகளுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.