ஒரே மேடை, அடுத்தடுத்த ஊர்கள்

கேள்வி: நேற்றிரவு ஓர் ஊரில் ராக் கச்சேரி. இன்று மாலை வேறு ஊரில் அதே மேடை. எப்படி?

பதில்: பாதி வித்தை லாரியில் ஏற்றும் வரிசையில்தான் இருக்கிறது. அங்கே முதலில் தேவைப்படுவது இங்கே கடைசியாக ஏறும். முதலில் வேலை தொடங்குபவர்கள் ரிக்கர்கள், அதாவது கனமான சாமான்களைக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுபவர்கள். எந்தச் சங்கிலி எங்கே தொங்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு, அப்புறம் கூரைச் சட்டத்தில் ஏறி மாட்டுவார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை. டன் கணக்கில் விளக்கும் ஒலிபெருக்கியும் பாடகரின் தலைக்கு மேலேதானே தொங்குகின்றன!

சரி, மேடையே ராட்சத அளவு என்றால்? அயர்லாந்து ராக் குழுவான யூ2-வின் 2009–2011 '360 டிகிரி' சுற்றுப்பயணத்துக்கு மூன்று இரும்புக் கட்டமைப்புகள் செய்தார்கள். ஓர் ஊரில் பாட்டு நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருக்கும்.