மருந்துக் கடைக்கு முதல் ஒரு வாளி தண்ணி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கொழும்பில் தொடர்மாடி வீடு, 40 லீற்றர் தொட்டி, ஒரே ஒரு தங்கமீன். போன கிழமை தொட்டியைக் கழுவித் துப்புரவாக்கினீர்கள். இப்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து நிற்கிறது, செட்டையில் சிவப்புக் கோடு, தீனி எடுக்கவில்லை. என்ன மருந்து வாங்கலாம்?

இன்றைக்கு மருந்து ஒன்றும் வாங்க வேண்டாம்.

இதே கோலத்தில் என் மகளின் மீன் நின்றது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. பொங்கலுக்கு வீடு கழுவின கையோடு தொட்டியையும் கழுவச் சொல்லி மாமி சொல்ல, நான் கூழாங்கல், ஃபில்டர் ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய்த்தேன். தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது. நாலாம் நாள் மீன் மேலே வந்துவிட்டது. ஒரு கடையில் நீல மருந்து தந்தார்கள், இன்னொரு கடையில் மஞ்சள் மருந்து. இரண்டையும் ஊற்றினேன். ஆறாம் நாள், மகள் பள்ளிக்கூடத்தால் வர முதல், அதைப் பூச்சாடிக்குள் புதைத்தேன்.

நான் கழுவி ஊற்றியது அழுக்கை மட்டுமல்ல. மீன் செவுளால் விடுகிற அமோனியாவும், மிஞ்சின தீனி அழுகி வருகிற அமோனியாவும் தண்ணியிலேயே கிடக்கும். ஸ்பொஞ்சில் வழுவழு என்று பிடித்திருக்கிற பற்றீரியாக்கள்தான் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு அவ்வளவு கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. குழாய்த் தண்ணியில் குளோரின் இருப்பதே கிருமியைக் கொல்லத்தான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. போன பற்றீரியா திரும்ப வளர நாலு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். அதுவரை அமோனியா செவுளை எரிக்கும், நைத்திரைற்று இரத்தத்தில் சேர்ந்து ஒட்சிசனைக் காவ விடாது. தண்ணியில் காற்று இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான்.

ஆகவே தண்ணி மாற்றுங்கோ. இன்று மூன்றிலொரு பங்கு, பின்னேரம் திரும்பவும் மூன்றிலொரு பங்கு, பிறகு ஒரு கிழமைக்குத் தினமும் ஒரு தரம். முழுவதையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். குழாய்த் தண்ணியை வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். இன்றைக்கு அவ்வளவு பொறுக்க ஏலாது, எனவே மீன் கடையில் குளோரின் போக்கும் மருந்து வாங்கி (மருந்து வேண்டாம் என்றேன், இது தண்ணிக்கு) போத்தலில் எழுதியிருக்கிற அளவுக்கு விடுங்கோ. இன்னொன்று: பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தாங்கியில் கொதித்த தண்ணிதான் வரும். விடியப் பிடித்து வையுங்கோ.

அடுத்தது உப்பு. லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்பு, உங்கள் தொட்டிக்கு 40 கிராம். தராசில் நிறுத்து, ஒரு கோப்பைத் தண்ணியில் கரைத்து, சில மணித்தியாலத்தில் மூன்று முறையாக விடுங்கோ. உப்பில் உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுளுக்குள் போவதைத் தடுக்கும். தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது. வற்றினதுக்கு வெறும் தண்ணி, மாற்றின அளவுக்கு மட்டும் உப்பு. இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

கொழும்புச் சூடு வேறு. தங்கமீனுக்குச் சுகமான சூடு 18 முதல் 24 பாகை வரை. சித்திரையில் என் தொட்டி 30 காட்டும். சூடு ஏற ஒட்சிசன் குறையும், அமோனியாவின் நஞ்சும் கூடும். காற்றுப் பம்பை இராப்பகலாகப் போட்டு, மேசை விசிறியைத் தண்ணி முகத்துக்குத் திருப்பி விட்டால் ஒன்றிரண்டு பாகை இறங்கும். ஐஸ் கட்டி போட வேண்டாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அப்போது எங்களிடம் இரண்டாவது மீன். நானும் மகளும் முறை வைத்துக் கோப்பையால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டு அன்ரி, விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பா. மீன் தப்பியது.

இங்கே குழாயில் வருகிற களனி கங்கைத் தண்ணி மென்மையானது, சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக் கேத்தலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், இங்கே படியாது. தேத்தண்ணிக்கு அது நல்லது, தங்கமீனுக்குச் சுண்ணாம்புத் தண்ணிதான் பிடிக்கும். மென்தண்ணி நாள் போக அமிலமாகி, பற்றீரியாவையும் மந்தமாக்கும். கழுவிக் காயவைத்த மட்டி ஓடு ஒரு பிடி ஃபில்டரில் போட்டால் மெல்லக் கரைந்து அதைச் சமாளிக்கும்.

வேறு வருத்தமாகவும் இருக்கலாம்தான். ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி என்றால் அதற்கு மருந்து வேண்டும். மருந்து, புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணியைத் தண்ணியில் நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தில்தான் கொல்லும், ஆகவே புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். தலைகீழாக மிதந்தால் இரண்டு நாள் பட்டினி, பிறகு தோல் உரித்த அவித்த பச்சைப் பட்டாணி. உடம்பு ஊதி, செதில் அன்னாசித் தோல் மாதிரி நிமிர்ந்தால், உண்மையைச் சொல்கிறேன், பிழைப்பது அரிது. நீங்கள் சொல்வதில் இவை ஒன்றும் இல்லை.

40 லீற்றர் காணாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் கணக்குக்கு ஒரு மீனுக்கே 75 வேண்டும். அதை அடுத்த மாதம் பாருங்கோ. இனி ஸ்பொஞ்சைக் கழுவுவதென்றால், தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணியில் இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

தீனி வேண்டாம், பாண் துண்டு எப்போதுமே வேண்டாம். மேலே வராமல் நடுத்தொட்டியில் செட்டையை விரித்து நிற்கிற நாள், இரண்டே இரண்டு குருணை போட்டுப் பாருங்கோ.