மெடிக்கல் போர்டு ‘பணிக்குத் தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டால் மேல்முறையீட்டில் எது எடுபடும்?

கேள்வி: தரைப்படையில் 24 ஆண்டு இருந்து 2021-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். உயர் ரத்த அழுத்தத்துக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வின்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழு) ஆயுள் முழுமைக்கும் 30 சதவீத ஊனம் என்று கொடுத்தது. ஆனால் நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதி, டிஸெபிலிட்டி பென்ஷனை (ஊன ஓய்வூதியத்தை) மறுத்துவிட்டார்கள். முதல் மேல்முறையீடும் போன மாதம் தள்ளுபடி. மேலே போவதில் பலன் உண்டா? எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

பதில்: உங்கள் கேஸில் சதவீதத்தைப் பற்றித் தகராறு இல்லை. டிஸெபிலிட்டி பென்ஷனுக்குக் குறைந்தது 20 சதவீதம் வேண்டும். உங்களுக்கு 30 இருக்கிறது. நோய் இருக்கிறது என்பதையும் யாரும் மறுக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன போர்டு அதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது? மேல்முறையீட்டின் உயிர் அந்தக் காரணத்தில் இருக்கிறது. உடல்படும் பாட்டையும் குடும்பக் கஷ்டத்தையும் நான்கு பக்கம் எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. அதற்கு எந்தக் கமிட்டியிலும் மதிப்பெண் கிடையாது.

ஆகவே தள்ளுபடிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலைத் தேடாதீர்கள். போர்டு நடவடிக்கையின் முழு நகல், அதாவது ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவம், கையில் வேண்டும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி உங்கள் ரெக்கார்ட் ஆபீசில் (படைவீரர் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, உங்கள் மருத்துவத் தகுதி நிலையை (கேட்டகரி) குறைத்த போர்டுகளின் தாள்கள், தேதிவாரியான போஸ்டிங் விவரம் ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

நகல் வந்ததும் காரணம் எழுதிய இடத்தைப் படியுங்கள். ரத்த அழுத்த கேஸ்களில் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “அமைதிப் பகுதியில் தொடங்கியது. ஃபீல்டு, உயர்மலை, கிளர்ச்சி ஒடுக்கும் பணி ஆகியவற்றோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை. பத்தி 43.” இந்தப் பத்தி மருத்துவ அதிகாரிகளுக்கான ராணுவ ஓய்வூதிய வழிகாட்டியில் 6-ஆம் அத்தியாயத்தில் வருவது. இதய நோயென்றால் பத்தி 47. அதில் நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாள் என்ன டியூட்டி பார்த்தார் என்றே கேட்பார்கள். உங்கள் வேலை, போஸ்டிங் தேதிகளையும் ரத்த அழுத்தம் முதலில் பதிவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஃபீல்டிலிருந்து (எல்லை போன்ற செயல்முனைப் பகுதியிலிருந்து) திரும்பிய சில மாதங்களில் கண்டுபிடித்திருந்தால் போர்டு எழுதிய காரணமே ஆட்டம் காணும். நோய் வந்த பிறகு மறுபடி ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தால், ‘பணியால் கூடியது’ என்ற வாதத்துக்கு இடமுண்டு. பலர் இந்த இரண்டாவது வாதத்தை எழுதுவதே இல்லை.

சட்டத்தில் உங்களுக்குத் துணை, 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையோடு வந்தவர் என்றே கொள்ளவேண்டும். சம்பந்தத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவர்மேல் இல்லை. மறுக்கிற போர்டு காரணம் எழுதவேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் படைவீரருக்கு. இதற்கு அரசுத் தரப்பு சொல்லும் பதிலையும் தெரிந்துகொண்டு போங்கள். அந்தத் தீர்ப்பு, பணித்தொடர்பைத் தீர்மானிக்கும் 1982 விதிகளின்மேல் வந்தது. 2021-இல் வெளிவந்த உங்களுக்கு 2008 விதிகள். அவற்றில் அந்த அனுமானம் அப்படியே இல்லை என்பார்கள். வாதத்தில் ஓரளவு சத்து உண்டு. ஆனால் 2008 விதிகளிலும், சாதாரணமாக மனுதாரரை நிரூபிக்கச் சொல்லக்கூடாது என்றே இருக்கிறது. அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பது மட்டும் காரணமாகாது, போர்டு விளக்கம் எழுதியே ஆகவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-இல் சொல்லியிருக்கிறது. (2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளிவந்தவர்களுக்கு வேறு விதிகள், அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

எந்தக் கேஸ் தோற்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ‘உடல்வாகு சார்ந்த நோய்’ என்று ஒரே வரியில் முடித்த போர்டை உடைப்பது எளிது. உடல் எடை இத்தனை கிலோ கூடுதல், குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தும் குறைக்கவில்லை என்று தேதியோடு பதிந்திருந்தால் கஷ்டம். நிபுணர்கள் யோசித்து எழுதிய கருத்தை நீதிமன்றங்கள் லேசில் தள்ளுவதில்லை. காயமென்றால் கணக்கே வேறு. அங்கே விபத்து எப்படி நடந்தது என்ற யூனிட்டின் காய அறிக்கையும் விசாரணையும்தான் பேசும். லீவில் ஊருக்கு வந்து சொந்த வேலையாகப் போனபோது விழுந்ததற்குப் பணித்தொடர்பு காட்டுவது மிகக் கடினம்.

இனி வழி. முதல் மேல்முறையீட்டு ஆணை வந்து ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீட்டுக் கமிட்டிக்கு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக, மனு போகவேண்டும். அங்கே பெரும்பாலும் பழைய கருத்தே திரும்ப வரும். அதற்காக அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உள்வழிகளை முடிக்காத மனுவை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சாதாரணமாக ஏற்காது. மனு கொடுத்து ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் காத்திருக்கத் தேவையில்லை, தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஆறு மாதத்துக்கு அதுதான் சாட்சி. ஆணை வந்தாலும் அங்கே போக ஆறு மாதம்தான் கெடு. தாமதமானால் காரணம் சொல்லித் தனி மனு போடவேண்டும். ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் பகுதிக்கான அமர்வில் தாக்கல் செய்யலாம், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை. ஒரு நீதித்துறை உறுப்பினரும் முப்படையில் உயர்பதவி வகித்த ஒரு நிர்வாக உறுப்பினரும் கேட்பார்கள். நேரே பென்ஷன் தரச் சொல்லலாம்; ஐயம் இருந்தால் மறு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம்.

கோரிக்கைப் பகுதியில் ‘ரவுண்டிங் ஆஃப்’, அதாவது ஊன சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடுவதை, கேட்க மறந்துவிடாதீர்கள். 2014 டிசம்பர் 10-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்றது. 20 முதல் 50-க்குக் கீழ் உள்ளவை 50 ஆகும். 50 முதல் 75 வரை 75. அதற்கு மேல் 100. முழு ஊனத்துக்கான தொகை கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்தால் அது 15,000. உங்கள் 30-க்கு 4,500 கிடைக்கும்; 50 ஆக்கினால் 7,500, அகவிலை நிவாரணம் தனி. பாக்கித் தொகையைப் பொறுத்தவரை, தாமதமாக வந்த வழக்குகளில் 2008-இன் தர்செம் சிங் தீர்ப்பைக் காட்டி, மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்திய ஆணைகள் உண்டு. அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கைக்காசு போகக்கூடும்.

ஜெயித்த ஆணையைப் பணம் கொடுக்கும் இடம் தானாக எடுத்து அமல்படுத்தும் என்று இருந்துவிடாதீர்கள். சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பி, ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் ஓய்வூதியத் தளம்) கணக்கில் வங்கி விவரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஆணையில் சொன்ன கெடு தாண்டினால் அதே அமர்வில் நிறைவேற்று மனு போடவேண்டும்.