மருதம் அமரும் சீர்

அன்புள்ள ஐயா,

கம்பனின் ‘தண்டலை மயில்கள் ஆட’ பாட்டை அலகிட்டு, அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்துப் பார்த்தேன். விளம், மா, தேமா, மறுபடி விளம், மா, தேமா என்று ஈரசைச் சீர்களாக அறுசீர் விருத்தம் அழகாகப் போகிறது. இரண்டாம் அடியில் ‘கொண்டல்கள்’ தேமாங்காயாகவும், கடைசி அடியில் ‘மருதம்வீற்’ புளிமாங்காயாகவும் மட்டும் மூன்றசையில் நிற்கின்றன. கடைசி அடியில் மோனையும் (முதலெழுத்துப் பொருத்தம்) காணோம். நான் பிரித்தது தவறா, பாடம் தவறா?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரிதான். கம்பராமாயணத்தின் நாட்டுப் படலத்துப் பாட்டு இது:

தண்டலை மயில்க ளாடத் தாமரை விளக்கந் தாங்கக்
கொண்டல்கள் முழவி னேங்கக் குவளைகண் விழித்து நோக்கத்
தெண்டிரை எழினி காட்டத் தேம்பிழி மகர யாழின்
வண்டுகள் இனிது பாட மருதம்வீற் றிருக்கும் மாதோ.

இந்த விருத்தத்தில் விளம் வரும் இடத்தில் மாங்காய்ச் சீர் வரலாம். ‘பச்சைமா மலைபோல் மேனி’ பாசுரமும் இதே நடைதான். அதில் ‘ஆயர்தம்’ தேமாங்காய். (‘குவளைகண்’ணில் ளை குறுகி ஒலிப்பதால் அது கருவிளம்.)

விதி அவ்வளவே. அந்தச் சலுகையைக் கம்பன் இரண்டாம் முறை எங்கே எடுத்துக்கொண்டான் என்பதில்தான் எனக்கு வியப்பு. மூன்றரை அடி வரை மயில், தாமரை, மேகம், குவளை என்று எல்லாம் வேலையாக இருக்கின்றன. ஆட, தாங்க, ஏங்க, நோக்க, காட்ட, பாட. ஆறும் எச்சம், ஆறும் தேமா, ஆறும் அரையடி முடியும் இடத்தில். வினைமுற்று எங்கே என்று காது தேடிக்கொண்டே போகிறது. அப்போதுதான் மருதம், அந்த வயல் நிலம், வருகிறது. ‘தம்’, ‘வீற்’ என்று இரண்டு நேரசை அடுத்தடுத்து ஊன்ற, ஓடிவந்த நடை தாமதிக்கிறது. சொல்லும் நடுவே பிரிகிறது: வீற், றிருக்கும். ‘மயில்க ளாட’வில் புணர்ச்சியால் ஒற்று மட்டுமே நகர்ந்தது, இங்கே ஒரு சொல்லே இரண்டு சீரில் கால் வைத்திருக்கிறது. ஆடலும் பாடலும் நடக்கும் சபையில் அரசன் நிதானமாக அரியணையில் அமர்வது எனக்கு அதில் கேட்கிறது.

மோனையும் இருக்கிறது. த–தா, கொ–கு, தெ–தே என்று முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் பொருந்தி வந்தது, கடைசியில் வண்டுகள்–மருதம் ஆகிறது. வகரத்துக்கு மகரம் இன எழுத்து, அதனால் இது இனமோனை. அதே எழுத்தைத் தேடிய கண்ணுக்குத் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ‘பாட’வில் மூச்சு வாங்கிக்கொண்டு ‘மருத’த்தை எடுங்கள். என் தமிழாசிரியர் அப்படித்தான் பாடுவார்.