வீட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே: தற்சார்பு வாழ்க்கை கேள்வி பதில்

தோட்டம், எண்ணெய், சோப்பு, விதை, மழைநீர், கோழி என்று பல பக்கமிருந்தும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நிலம் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கும் சீயக்காய் அரைப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கும் ஒரே வேண்டுகோள்தான்: நல்ல தராசு ஒன்று வாங்கி வையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி, எடையும் கணக்கும்தான்.

பெங்களூரில் ஐ.டி. வேலை. திருவண்ணாமலைப் பக்கம் 50 சென்ட் நிலமும் கிணறும் இருக்கின்றன. நாங்கள் நான்கு பேர். வேலையை விட்டுவிட்டு வந்தால் அரிசி, எண்ணெய், காய் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துவிட முடியுமா அக்கா?

அரிசியிலிருந்து கணக்குப் போடுவோம் தம்பி. மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு என்றால் நான்கு பேருக்கு நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி ஆகும். வருஷத்துக்கு 450 கிலோ. 100 கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ அரிசி கிடைத்தாலே நல்ல நெல். அப்படியென்றால் 700 கிலோ நெல் வேண்டும். ரசாயன உரம் போடாமல் நாட்டு ரகம் நட்டால் ஏக்கருக்கு 15 முதல் 20 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், மூட்டை 75 கிலோ. உங்கள் 50 சென்டையும் நெல்லுக்கே கொடுத்தாலும் வருஷச் சாப்பாட்டுக்கு இழுபறிதான். காய்க்கு இடம் இருக்காது, கிணற்றுத் தண்ணீரும் அதற்கே சரியாகப் போய்விடும்.

இப்போது எண்ணெயைப் பாருங்கள். மாதம் 2 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 24 லிட்டர். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு போகும். ஆக 60 கிலோ பருப்பு, தோலோடு 85, 90 கிலோ. உங்கள் ஊர் மண்ணில் ஆனி, ஆடியில் மானாவாரியாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போட்டால் மழை ஏமாற்றாத வருஷத்தில் 15 சென்டிலேயே இது கிடைத்துவிடும். பிண்ணாக்கு மாட்டுக்கு, கொடி ஆட்டுக்கு. கடையில் விலை கொடுத்தும் நம்பிக்கையாக வாங்க முடியாத பொருளும் எண்ணெய்தான். அதனால் முதலில் மல்லாட்டை, அப்புறம் 10 சென்டில் காய்கறி, வரப்பில் துவரையும் முருங்கையும். இதெல்லாம் கைக்கு வந்தபின் மிச்ச இடத்தில் கொஞ்சம் நெல் போட்டுப் பாருங்கள். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். விதைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் குறைவாக இருப்பதால் சீக்கிரம் முடிகிற பூங்கார் மாதிரி ரகம் எடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும்.

குறையும் நெல்லை அறுப்புச் சமயத்தில் பக்கத்து நிலத்துக்காரரிடம் வாங்கி வையுங்கள். அதுவும் தற்சார்புதான் என்று நான் மனதார நம்புகிறேன். எந்தக் காலத்திலும் ஒரு வீடு தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே விளைத்ததில்லை. குயவர் இருந்தார், செக்கு இருந்தது, உப்பு வண்டி வந்தது. வேலையை மட்டும் உடனே விடாதீர்கள். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் வயலில் விளைவதில்லை. விடுமுறைகளில் வந்து இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம் விவசாயம் பார்த்தபின் முடிவெடுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணையில் தங்கிக் கற்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். செக்குக்குக் கொண்டுபோகும் முன் சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் கையால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கடலைப் பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டு, அது ஈரலைக் கெடுக்கும். மரச்செக்கு எண்ணெய் சுத்திகரிக்கப்படாதது, அதனால் பருப்பில் இருப்பது எண்ணெயிலும் வரும்.

கோவை. தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்யப் பார்க்கிறேன். காஸ்டிக் சோடா இல்லாமல் இயற்கையாகச் செய்ய வழி இருக்கிறதா?

இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. "காஸ்டிக் இல்லாத சோப்பு" என்று உருக்கி ஊற்றும் கட்டி விற்கிறார்களே, அதில் அந்த வேலையை வேறொருவர் ஏற்கெனவே முடித்துவிட்டார், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்தால் பக்குவமான சோப்பில் காஸ்டிக் மிச்சமிருக்காது.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் தோலை வறட்டிவிடும். அதனால் 15 சதவீத எண்ணெயைச் சோப்பாகாமல் விட்டுவிடுவது நல்லது. அதற்கு 155 கிராம் காஸ்டிக், 330 கிராம் தண்ணீர். எல்லாவற்றையும் எடை போடுங்கள், டம்ளர் கணக்கு உதவாது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ இல்லை, சுமார் 920 கிராம்தான். லிட்டரைக் கிலோவாக நினைத்து இந்த அளவைப் போட்டால் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று விட்ட எண்ணெயில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொட்டுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். வாசலிலோ மாடியிலோ காற்று வரும் இடத்தில் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையில் பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாதீர்கள், குழாயடியில் கால் மணி நேரம் காட்டுங்கள்.

இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் காஸ்டிக் கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்குங்கள். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள், கரைசலில் விரல் வைக்க வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் சொட்டுகிற கோடு மேலே ஒரு நொடி நின்று மறைய வேண்டும். அந்த மோர்க்குழம்புப் பதத்தில் அச்சில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். இரவு ஊற்றிவிட்டு அடுத்த நாள் மாலை வெட்டப் போனால் கத்தி பட்டதும் சில்லுச் சில்லாக உடையும். தொட்டால் கெட்டியாகவும் இன்னும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். அப்புறம் நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் காயட்டும். குழந்தைகள் நடமாடும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

தர்மபுரி. சொந்தத் துவரை 40 கிலோ இருக்கிறது. மூன்று மாதத்தில் வண்டு துளைத்துவிடுகிறது. மாத்திரை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத்தானே சொல்கிறீர்கள்? வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு வண்டை மட்டும் பார்த்துக் கொல்லாது. அதே கூரையின் கீழ் தூங்குகிற மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

வண்டு உங்கள் டப்பாவில் பிறக்கவில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடுகிறது. அதனால் அறுத்த உடனே வெயில் காட்ட வேண்டும். மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரித்து, துவரையை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளால் மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். நல்ல வெயிலில் உள்ளே ஏறும் சூட்டுக்கு முட்டையும் புழுவும் தாங்காது. விதைக்கு வைப்பதை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், சூடு மிஞ்சினால் முளைப்பு கெடலாம்.

அதைவிட நல்ல வழி உங்கள் பாட்டிக்குத் தெரிந்ததுதான்: செம்மண் கட்டுவது. மருந்தடிக்காத இடத்துச் செம்மண்ணைச் சலித்துக் கூழாகக் கரையுங்கள். இரவு முழுக்க ஊறிய துவரையை வடித்து அதில் புரட்டுங்கள். ஒவ்வொரு மணியும் சிவப்புச் சட்டை போட்ட மாதிரி ஆகும்வரை இரண்டு கையாலும் பிசற வேண்டும். குவித்து ஒரு இரவு ஈரச் சாக்கால் மூடிவிட்டு, மறுநாள் முதல் மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். தோல் கழன்று நிற்கும். திருகையில் போட்டால் சத்தத்திலேயே தெரியும், மணி இரண்டாகப் பிளந்து தோல் தனியாகப் போகும். புடைத்து எடுத்து வையுங்கள். இந்த வண்டு முழுப் பயறில்தான் ஒட்டி முட்டையிடும், உடைத்த பருப்பில் எளிதில் பெருகாது. சாம்பாரில் அந்த மண் கட்டிய பருப்பின் வாசமே தனி. வாங்கும் பாலிஷ் பருப்பில் அது வராது.

சேலம். போன வருஷம் காய்த்த நல்ல சுரைக்காயிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். இந்த வருஷம் காய் கசக்கிறது. வேகவைத்தால் போய்விடுமா?

போகாது. கசக்கும் சுரையைத் துப்பிவிட்டுக் குப்பையில் போடுங்கள், ஜூஸாகக் குடிப்பது இன்னும் மோசம். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் நஞ்சு, சமைத்தாலும் அழியாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். உடம்புக்கு நல்லது என்று கசப்பைச் சகித்துக்கொண்டு குடித்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி வந்தது? வேலியோரத்துக் கசப்புச் சுரையின் மகரந்தம் உங்கள் பூவில் விழுந்திருக்கும். அந்தக் காயின் சதை தாய்க்கொடியைப் போல நன்றாகத்தான் இருக்கும். கலப்பு விதைக்குள்தான் இருக்கிறது, அடுத்த தலைமுறையில் வெளிப்படும். தக்காளியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அவரையில் கொஞ்சம் உண்டு. சுரை, பீர்க்கு, பூசணி மூன்றுக்கும் நாமே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

சுரைப்பூ அந்தியில் விரியும். அன்று விரியப் போகும் மொட்டில் வெள்ளை இதழ் நுனி எட்டிப் பார்க்கும். நான்கு மணிவாக்கில் ஒரு பெண்மொட்டையும் ஓர் ஆண்மொட்டையும் நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். பெண்பூவுக்கு அடியில் ரோமம் போர்த்திய குட்டிச் சுரை இருக்கும். இருட்டும் நேரத்தில் ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு, அதைப் பெண்பூவின் நடுவில் தடவி, திரும்பவும் கட்டிவிட்டுக் காம்பில் கலர் நூல் சுற்றுங்கள். அந்தக் காயைப் பறிக்காமல் காம்பு காயும்வரை விடுங்கள். ஆட்டினால் விதை குலுங்க வேண்டும்.

ராமநாதபுரம். மொட்டைமாடி 500 சதுர அடி. மழைநீரைக் குடிக்க வைத்துக்கொள்ள எவ்வளவு பெரிய தொட்டி?

ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் உங்களுடையது, இது புதிதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் மாடி சுமார் 46 சதுர மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். 5,000 லிட்டர் தொட்டி நிரம்ப 135 மி.மீ. மழை போதும். ஐப்பசி, கார்த்திகையில் அதைவிட நிறையவே பெய்யும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளைக்கு 20 லிட்டர் எடுத்தால் 250 நாள் வரும்.

முதல் மழையின் 50 லிட்டரைத் தொட்டிக்குள் விடாதீர்கள், மாடியின் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான். வெளிச்சம் புகாத தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் பாசி. எல்லா வாய்க்கும் கொசுவலை. குடிக்கும் முன் கொதிக்க வையுங்கள்.

திருச்சி. பச்சைப் பூண்டை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதம் வருமா?

கொட்டிவிடுங்கள். மண்ணோடு வரும் பாட்டுலிசம் கிருமி காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும். எண்ணெய்க்கு அடியில் பச்சைப் பூண்டு என்பது அதற்கு ஏற்ற இடம். வாடையோ நுரையோ காட்டாமலேயே நஞ்சு இருக்கும். பூண்டு ஊறுகாய் வேண்டுமென்றால் புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகவும் உப்பு குறையாமலும் சேர்த்து நன்றாக வதக்கிச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

நாமக்கல். நாட்டுக்கோழி 20 வைத்திருக்கிறேன். இயற்கை முறை என்பதால் தடுப்பூசி போடவில்லை. சரிதானே?

சரியில்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் மருந்து கிடையாது, ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வார வயதில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் தீவனத்தோடு கொடுங்கள், ஆனால் ஊசிக்குப் பதிலாக இல்லை. கோழி துடித்துச் சாவதைத் தடுக்க முடிந்தும் விட்டுவிடுவதை என்னால் இயற்கை என்று சொல்ல முடியவில்லை.

அம்பத்தூர். வாடகை வீடு, பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில். எதில் ஆரம்பிக்கலாம்?

தக்காளியில் வேண்டாம், வெயில் போதாது. சிறுகீரை, வெந்தயக்கீரை, புதினா, கற்பூரவல்லி. அகலமான தொட்டியில் அரை அடி மண் இருந்தால் போதும். மாடியில் வெயில் கிடைத்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு வத்தல் போடுங்கள்.

மதுரை. சீயக்காய் அரைத்துத் தேய்த்தால் தலை எரிகிறது. என்ன தவறு?

மில்லில் உங்களுக்கு முன் மிளகாய் அரைத்திருப்பார்கள். சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கும் மில்லாகப் பாருங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கை காய்ந்த செம்பருத்தி இலை, கொஞ்சம் பூலாங்கிழங்கு. சீயக்காய் ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயட்டும். சோற்றுக் கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் வறட்சி இருக்காது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நீங்களே தேய்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம். வணக்கம் அக்கா. பின்வளவில மூன்று பனை நிக்குது. பழம் எல்லாம் விழுந்து வீணாப் போகுது. என்ன செய்யலாம்?

பனை விஷயத்தில் உங்கள் ஊரிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பழத்தைப் பிழிந்து பாயில் தடவித் தடவிக் காயவைத்துப் பனாட்டு போடுங்கள், வளவில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுச் செய்யுங்கள். விதைகளை மண் இளக்கிய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுங்கள், மாரி மழையே போதும். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு தயார். அவித்துத் தின்றது போக மிச்சத்தைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைக் கூழுக்குப் போடும் முன் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுத்து ஊற்றிவிட வேண்டும். கிழங்கை முதல் இலை விரியும் முன்னரே கிண்டி எடுங்கள், விட்டுவிட்டால் நார் ஏறிவிடும்.