1:30-இல் கிக் எங்கே போனது? வாசகர் கேள்வி பதில்

வீட்டில் லேப்டாப்பில் செய்த எலக்ட்ரானிக் இசையை இணையத்தில் ஏற்றிவிட்டு, "கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று லிங்க் அனுப்புகிறார்கள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை.

கே: நண்பன் 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) ஒரு ஹவுஸ் டிராக் (நடன இசையில் ஒரு வகை) செய்து ஏற்றியிருக்கிறான். டிராப் (இழுத்து வந்த இசை முழுவீச்சில் விழும் இடம்) வந்ததும் ஏதோ சரிந்துபோகிறது. "மிக்ஸ் கொஞ்சம் குழப்பமா இருக்குடா" என்று எழுதினேன். "எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறான். இதற்கு என்ன சொல்வது?

ப: அவர் கேட்டது நியாயம். நிமிடமும் நொடியும் போட்டு எழுதுங்கள். 128 பிபிஎம்மில் ஒரு பார் (நான்கு பீட்) 1.875 நொடி, 16 பார் சரியாக அரை நிமிடம். 1:30 என்று நீங்கள் எழுதினால், 48 பார் முடிந்து 49-ஆவது தொடங்கும் இடம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, காதில் விழுந்ததை ஒரு வரியாகவும், காரணம் இதுவாக இருக்கலாம் என்ற ஊகத்தை இன்னொரு வரியாகவும் எழுதுங்கள். முதல் வரி பெரும்பாலும் தப்பாது. இரண்டாவது அடிக்கடி தப்பும். "பேஸ் நுழைந்ததும் கிக்கின் குத்து போய்விடுகிறது" என்பது காது சொல்வது. (கிக் என்பது பீட்டுக்குப் பீட் விழும் தாழ்ந்த டிரம் அடி, பேஸ் என்பது அடிச்சுர வரிசை.) அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கிக்கும் பேஸும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே இடத்தில் நெரிவது ஒன்று. இரண்டின் அலைகளும் எதிரெதிராகப் போய் ஒன்றையொன்று கழித்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் கடைசித் தடத்தில்) ஏற்கெனவே போட்டு வைத்த லிமிட்டர், அதாவது ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் அமுக்கும் கருவி. பேஸ் வந்ததும் மொத்த அளவு ஏறுகிறது, லிமிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. முதலில் மழுங்குவது கிக்கின் முனை.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இடத்தில் பேஸை மியூட் செய்யச் சொல்லுங்கள். கிக் திரும்பி வரவில்லை என்றால் கிக் சாம்பிளே (எடுத்துப் போட்ட ஒலித்துண்டே) சன்னம். வேறு பேச்சு வேண்டாம். வந்துவிட்டதா? பேஸை மறுபடி ஒலிக்க விட்டு, லிமிட்டரை அணைத்து, மாஸ்டரை 6 டெசிபல் இறக்கிக் கேட்கட்டும். இப்போது கிக் நிமிர்ந்தால் குற்றவாளி லிமிட்டர்தான். நிமிரவில்லையென்றால், பேஸ் ஒரே சுரத்தில் நிற்கிற டிராக்காக இருக்கும் பட்சத்தில், பேஸின் போலாரிட்டியைத் திருப்பி (அலையை மேல்கீழாகக் கவிழ்த்து) பார்க்கலாம். அடிப்பகுதி சட்டென்று கனத்தால் அலைக் கழிவுதான் காரணம். இதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது நெரிசல். அதற்கு சைட்செயின் கம்ப்ரஸர் (ஒரு ஒலி வரும்போது இன்னொன்றைத் தானாக இறக்கும் கருவி): கிக் விழும்போது பேஸ் 4 முதல் 6 டெசிபல் இறங்கட்டும், ரிலீஸை (இறங்கிய ஒலி மறுபடி ஏற எடுக்கும் நேரத்தை) 120 மில்லிநொடியில் தொடங்கட்டும். இந்த வேகத்தில் அரை பீட் 234 மில்லிநொடி. அதற்குள் பேஸ் மேலே ஏறிவிட வேண்டும். இல்லையென்றால் இடையில் வரும் பேஸ் சுரத்தையும் கம்ப்ரஸர் விழுங்கிவிடும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினால் அவர் ஓடிவிடுவார். அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

"1:00-இலிருந்து ஃபில்டர் திறந்துகொண்டே வருவது நன்றாக இழுக்கிறது, அதில் கை வைக்காதே. 1:30-இல் பேஸ் நுழைந்ததும் கிக்கின் குத்து போய்விடுகிறது. ஹெட்போனில் கேட்டேன், காரிலும் அப்படித்தான். முதலில் லிமிட்டரை அணைத்துப் பார். அப்போதும் மாறவில்லை என்றால் பேஸுக்கு சைட்செயின், 5 டெசிபல் அளவில்."

முதல் வரியில் இருக்கும் பாராட்டை முகஸ்துதி என்று நினைக்க வேண்டாம். எதைத் தொடக்கூடாது என்று சொல்லாவிட்டால், திருத்துகிறேன் பேர்வழி என்று நன்றாக இருந்ததையும் சேர்த்துக் கலைத்துவிடுவார்கள்.

கே: "பேஸ் ரொம்ப அதிகம்" என்று ஒருவருக்குச் சொன்னேன். "என் ரூமில் பேஸே பத்தவில்லை, உங்கள் ஸ்பீக்கரைப் பாருங்கள்" என்று கோபித்துக்கொண்டார். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர் உட்கார்ந்திருப்பது பத்துக்குப் பத்து அறையா என்று கேளுங்கள். 10 அடி என்பது சுமார் 3.05 மீட்டர். ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டராக வைத்துக்கொண்டால், இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் ஒலி நின்ற அலையாக மாட்டிக்கொள்ளும். சுவரோரம் அது பெருத்துக் கேட்கும், அறையின் நட்டநடுவில் அநேகமாகக் காணாமல் போகும். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரண்டு திசையிலும் அதே 56. எலக்ட்ரானிக் இசையில் பேஸ் வாழ்கிற இடமும் அதுதான்: ஏ1 சுரம் 55 ஹெர்ட்ஸ். நடு அறையில் நாற்காலி போட்டவருக்கு அந்தச் சுரம் கேட்காது. ஃபேடரை (ஒலி அளவை மாற்றும் பட்டையை) ஏற்றுவார். ஏற்றியது அத்தனையும் உங்கள் வீட்டில் வந்து இடிக்கும். முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கு நேர்மாறு: அங்கே பேஸ் வீங்கிக் கேட்பதால் இறக்கிவிடுவார்.

அவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மென்பொருளில் ஒரு சைன் அலையை ஒரே அளவில் 40-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் ஒலி மறைகிறது, எங்கே வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு நாற்காலியை முன்சுவரிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தி மறுபடி கேட்கட்டும். பேஸின் அளவை மட்டும் ஹெட்போனில் முடிவு செய்வது இன்னும் பத்திரம்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்று யாராவது யோசனை சொன்னால் நம்ப வேண்டாம். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல அட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கைதட்டினால் வரும் எதிரொலியில் கொஞ்சம் மாற்றம் தெரியும், அவ்வளவுதான்.

நீங்களும் எதில் கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் அவருக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

கே: எனக்கு எந்த மென்பொருளும் தெரியாது, பாட்டுக் கேட்பதோடு சரி. நான் கருத்துச் சொல்லலாமா?

ப: தாராளமாக. செய்தவர் அதே டிராக்கை இருநூறு தடவை கேட்டிருப்பார். முதல் தடவை கேட்கும் காது இனி அவருக்குக் கிடைக்காது. உங்களிடம் இருப்பது அதுதான். எந்த இடத்தில் கவனம் கலைந்து வேறு வேலை பார்க்கத் தோன்றியது, எங்கே ஒலியைக் குறைக்கக் கை போனது, முடிந்த பிறகு எது மனதில் ஓடியது? இந்த மூன்றையும் நேரத்தோடு குறித்து அனுப்புங்கள். ஒலியைக் குறைக்கத் தோன்றிய இடத்தில் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி காதைக் குத்துகிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

போன் ஸ்பீக்கரிலும் ஒரு தடவை கேளுங்கள். 55 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. ஆனால் அதன் மடங்குகளான 110, 165, 220 ஹெர்ட்ஸ் இருந்தால், இல்லாத அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். "போனில் பேஸ் சுத்தமாக இல்லை" என்று நீங்கள் எழுதினால், பேஸில் லேசாக சாச்சுரேஷன் (இந்த மடங்குகளைக் கூட்டும் மெல்லிய சிதைவு) சேர்க்க வேண்டும் என்று அவருக்குப் புரியும். ஹெட்போனில் பரந்து ஒலித்த லீட் சிந்த் (மெட்டை எடுத்துச்செல்லும் சிந்தசைசர்), ஒற்றை ப்ளூடூத் பெட்டியில் மங்கினால் அதையும் சொல்லுங்கள். அகலப்படுத்தும் பிளக்-இன்னை அளவுக்கு மீறித் திருப்பினால், இடதும் வலதும் மோனோவில் (ஒரே தடமாக) சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும்.

கே: என் டிரம்ஸை "ரோபோ மாதிரி இருக்கு" என்கிறார்கள். திட்டா, பாராட்டா?

ப: டெக்னோ செய்கிறீர்கள் என்றால் பாராட்டாகவே வைத்துக்கொள்ளலாம். ஹவுஸ் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது வெலாசிட்டி, அதாவது ஒவ்வொரு அடியின் பலம். மவுஸால் போட்ட ஹை-ஹாட் (ஜோடி சிம்பல்) அடிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே எண்ணில், 100 என்று வரிசையாக நிற்கும். பீட்டில் விழுவதை 95-இலும் இடையில் விழுவதை 60, 70-லும் வையுங்கள். இரண்டாவது ஸ்விங், அதாவது இரண்டிரண்டு சுரங்களில் பின்னதைச் சற்றுத் தாமதிப்பது. 120 பிபிஎம்மில் பதினாறாம் சுரம் ஒன்று 125 மில்லிநொடி, இரண்டு சேர்ந்தால் 250. ஸ்விங் 50 சதவீதம் என்றால் சமப்பங்கு. 58 என்றால் முதலாவது 145 எடுத்துக்கொள்ளும், இரண்டாவது 20 மில்லிநொடி தாமதித்து விழும். அந்த 20-இல்தான் ஆட்டம் இருக்கிறது. ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இந்த வசதி உண்டு. சில மென்பொருள்களில் 0-விலிருந்து 100 வரை வேறு அளவுகோல் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் காதால் வையுங்கள். கிக்கை மட்டும் நகர்த்த வேண்டாம்.

ஹை-ஹாட் ஒலி, தண்ணீர் சலசலப்பது போலக் கேட்கிறது என்று யாராவது எழுதியிருந்தால், ஏற்றியது 128 கேபிபிஎஸ் எம்பி3-யா என்று முதலில் பாருங்கள். பல என்கோடர்கள் அதில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வெட்டிவிடும், கீழே இருப்பதையும் சிதைக்கும். வேவ் ஃபைலை ஏற்றிவிட்டு மறுபடி கேளுங்கள்.

கே: "வெளியான பாட்டுகள் அளவுக்குச் சத்தம் இல்லை" என்று எல்லாருக்கும் எழுதுகிறார் ஒருவர். இது உதவுமா?

ப: உதவாது. வெளியான டிராக்கைக் கீழே இறக்கி, இரண்டையும் ஒரே அளவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு "நல்ல மிக்ஸ்" என்று படும். மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ்ஸில் (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு) மாஸ்டர் செய்த டிராக்கை ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் மைனஸ் 14-க்கு, அதாவது 7 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கிறது. டிஜேக்களுக்கு ஃபைலாகக் கொடுப்பதென்றால் கதை வேறு. அங்கே சத்தம் வேண்டும். அப்போதும் சொல்ல வேண்டியது காரணத்தை. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காத உறுமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது 200 முதல் 400 ஹெர்ட்ஸில் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி சிந்த்), பியானோ, ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற எஃபெக்ட்) எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். "ஒரே அளவில் வைத்துக் கேட்டும் உங்கள் கிளாப் மங்கல், பேடின் ரிவெர்பில் 300-க்குக் கீழே வெட்டிப் பாருங்கள்" என்றால் வேலை நடக்கும்.

கே: அக்கா பையன், பதினைந்து வயது. 8 பார் லூப்பை மூன்று நிமிடம் அப்படியே ஓட விட்டிருக்கிறான். என்ன சொல்ல?

ப: இக்யூ, கம்ப்ரஸர் என்று எதையும் எடுக்காதீர்கள். லூப்பை 64 பாருக்கு நீட்டச் சொல்லுங்கள். பிறகு சேர்க்காமல், அழிக்க மட்டும் சொல்லுங்கள்: முதல் 16 பாரில் பேஸ் வேண்டாம், 33-ஆவது பாரில் கிக்கை 8 பார் நிறுத்து. அவனே மீதியைப் பிடித்துக்கொள்வான். எழுதி அனுப்புவதைவிட பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது நல்லது. எழுத்தில் மாமாவின் குரல் கடுமையாகக் கேட்கும்.

கே: எனக்கு டப்ஸ்டெப்பே பிடிக்காது. இருந்தாலும் கேட்கச் சொல்கிறார்கள்.

ப: ரசனையைத் தள்ளிவைத்து, பழுதை மட்டும் சொல்லுங்கள். பேஸ் உறுமுவது பழுதல்ல. லூப் திரும்பும் ஒவ்வொரு முறையும் "டிக்" என்று ஒரு சத்தம் வருவது பழுது. சாம்பிளை அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டியிருப்பார்கள். இரண்டு முனையிலும் 3 மில்லிநொடி ஃபேட் போட்டால் போய்விடும்.